மூன்று பலகை உயரம்

1973 ஜனவரி 18

இன்று என் பின்பக்கத்தை எஸ்டேட்டே வாசித்தது.

தேயிலைப் பெட்டிகளின் மேல் எஸ்டேட் பேர், தூளின் ரகம், எடை இவற்றை எழுத்து வெட்டிய தகரத் தகடு வைத்துக் கறுப்பு மையால் அடிப்பது என் வேலை. பத்தொன்பது வருடமாக வேறு வேலை பார்த்ததில்லை. மை காய அரைமணி நேரம் பிடிக்கும் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவனே நான்தான். அந்த நான், அடித்து முடித்த பெட்டி மேலேயே உட்கார்ந்து சாயா குடித்தேன். எழுந்தபோது காக்கி டிரவுசரில் ‘நெட் 45 கிலோ’ வலமிடமாக ஏறியிருந்தது. எனக்கு மட்டும்தான் தெரியாது.

ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களம் வரை வீராப்பாக நடந்தேன். கொழுந்துக்காரிகள் கூடையைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். பெட்டிக்கு ஆணி அடிக்கிற சுவக்கீன் என் கூட்டாளி, அவன் விடுவானா? “என்னவே முத்து, மொத்தமே நாப்பத்தஞ்சு கிலோதானா? பின்னாடி மட்டும் அம்புட்டு வருமே!”

ஓடலாம் என்று திரும்பினேன். அங்கே ஒரு வெள்ளைக்கார அம்மா, கையில் அட்டையும் பென்சிலும். “ஓடாதே! சமத்தா நில்லு!” என்று தமிழில் ஒரு அதட்டல். நின்றேன். வரைந்தார். என் ஆயுளில் என்னை ஒருவர் படம் வரைந்தது இதுதான் முதல் தடவை. அதில் என் முகம் இல்லை.

1973 ஜனவரி 21

அந்த அம்மா பழைய மெர்டன் துரையின் மகளாம். பேர் ரூத். இதே எஸ்டேட் பங்களாவில் பிறந்து, ஏழு வயதில் சீமைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்பட்டவர். இப்போது முப்பத்தைந்து இருக்கலாம். லண்டனில் படம் போடுகிறார். வளர்த்த ஆயா மாரித்தாய் செத்துப் பத்து வருடமாகிறது. ஆனால் அவள் கற்றுக்கொடுத்த தமிழ் ஏழு வயதோடு இந்த அம்மாவின் வாயில் அப்படியே நின்றுவிட்டது. ஃபாக்டரியை மேய்க்கிற டீமேக்கரைப் பார்த்து “தொப்பை, இங்க வா” என்கிறார். மலையில் வேலை வாங்குகிற, ஜலதோஷம் பிடித்திருந்த கண்டக்டரிடம் “மூக்கைச் சிந்து” என்றார். கண்டக்டர் சிந்தினார்.

மேனேஜர் பங்களாவில் நாலு மாதம் இடம் கொடுத்திருக்கிறார். பதிலுக்கு ஹெட் ஆபீஸ் சுவருக்கு மலையும் தேயிலையுமாக ஒரு படம் தரவேண்டும்.

படம் போடக் கொண்டுவந்த துணி தீர்ந்துவிட்டது, உடைசல் பலகை தா என்று பேக்கிங் ரூமுக்கு வந்தார். விறகுக்குப் போகிற பெட்டிப் பலகைதானே, கொடுத்தேன். “நீயும் மை அடிக்கிறே. நானும் மை அடிக்கிறேன்” என்றார். எனக்குக் கொஞ்சம் தலை கனத்தது. என் எழுத்து பத்தொன்பது வருடமாக லண்டனுக்குப் போகிறதே, பார்த்ததுண்டா என்று கேட்டேன். பார்த்திருக்கிறாராம்! தேயிலை தீர்ந்த பெட்டியை அங்கே வீடு மாற்றுகிறவர்கள் வாங்கிச் சாமான் அடைப்பார்களாம். ஆக, என் எழுத்தைச் சுமந்துகொண்டு வெள்ளைக்காரர்கள் வீடு வீடாக அலைந்திருக்கிறார்கள்.

என் சம்சாரம் சின்னத்தாயிடம் சொன்னேன். “சம்பளம் கூடுமா?” என்றாள்.

1973 ஜனவரி 28

அடுத்த ஞாயிறு போடியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள்.

ஞானஜோதி எங்களுக்கு ஒரே மகள். இருபத்திரண்டு முடிந்துவிட்டது. ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. நான் ஐந்தடி நாலு. சின்னத்தாய் என் தோளுக்கு வருவாள், அதுவும் கோபமாக இருந்தால். இந்த உயரம் எந்த வழியாக வந்தது என்று இரண்டு பேர் குடும்பத்திலும் விசாரித்தாயிற்று. யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. நாங்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளில், லயத்தில், அவளுக்குக் ‘கொக்கு’ என்று பேர். இரண்டு சம்பந்தம் உயரத்தால் தட்டிப்போனது.

அதனால் இந்தத் தடவை மூளையை உபயோகித்தேன். மூணாறு ஸ்டூடியோவில் உட்கார வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பினேன். ஸ்டூடியோக்காரரும் விஷயம் புரிந்தவர், இருந்ததிலேயே குட்டையான முக்காலியைப் போட்டார்.

“காபி குடுக்கும்போது குனிஞ்சே குடு. குடுத்ததும் உக்காந்துரு” என்று சொல்லி வைத்தேன்.

“படுத்துக்கிட்டே குடுக்கட்டுமாப்பா?” என்றாள்.

1973 பிப்ரவரி 4

வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா சோலை, அம்மா வேலுத்தாய். பையன் வீரபாண்டி போடியில் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறார்; பெரியவர்கள் பார்த்த பிறகு வருவாராம்.

எல்லாம் நான் சொன்னபடி நடந்தது, வேலுத்தாய் வாயைத் திறக்கிற வரைக்கும். “நிமிந்து மொகத்தைக் காட்டு தாயி.”

நிமிர்ந்தாள். நிமிர்ந்துகொண்டே இருந்தாள். சோலை காபியை மறந்துவிட்டார்.

“போய்க் காகிதம் போடுறோம்” என்று எழுந்தார்கள். வாசலில் சோலை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “போட்டோவில இருக்குறதும் இந்தப் பொண்ணுதானா?” என்றார். எனக்குப் பூமிக்குள் போகலாம் போலிருந்தது.

அவர்கள் போனதும் ஞானஜோதி விறுவிறு என்று உள்ளே போனாள். வாசல் நிலையில் தலை இடித்தது. “குனி” என்றேன், வழக்கம்போல. இந்த வீட்டில் அவளிடம் நான் அதிகம் சொன்ன சொல் அதுவாகத்தான் இருக்கும். கதவு கம்பெனி வைத்த அளவு. நான் முண்டாசு கட்டிக்கொண்டு போனாலும் இடிக்காது.

1973 பிப்ரவரி 5

காகிதம் வராது.

1973 பிப்ரவரி 11

ரூத் அம்மா லயத்துக்கு வந்தார். மாரித்தாய் இருந்த வீட்டைப் பார்க்கவேண்டுமாம். அது பூட்டிக் கிடந்தது. சாயா குடிக்கலாமே என்று எங்கள் வீட்டுக்கு அழைத்தேன். நுழைந்தார், நிலையில் மடேர் என்று ஒரு இடி. அவரும் நல்ல உயரம், எனக்கு எச்சரிக்கத் தோன்றவில்லை. “சனியனே! கதவு சனியனே!” என்று தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். மாரித்தாய் வாயிலிருந்து வந்தது மாதிரியே இருந்தது.

ஞானஜோதி சிரித்துக்கொண்டே தேங்காயெண்ணெய் தடவினாள். “எனக்கும் தெனம் இதே எடந்தான்” என்று தன் நெற்றியைக் காட்டினாள். அந்த அம்மா அவளையே பார்த்தார்.

“எழுந்திரு.”

எழுந்தாள்.

“இன்னும் எழுந்திரு.”

“நிக்கத்தானே செய்றேன்?”

“இல்லே. நீ பாதி எழுந்திருக்கே.”

வெளியே கூட்டிப்போய் முற்றத்தில் நிறுத்தி, தோளைப் பிடித்து ஒரு தூக்கு. கழுத்து வந்தது, முதுகு வந்தது. போடிக்காரர்கள் மிரண்டது பாதியைப் பார்த்துத்தான் போலிருக்கிறது.

இவளைத்தான் படம் போடவேண்டும், நிற்க வைத்து, உள்ள அளவிலேயே போடவேண்டும் என்கிறார். சின்னத்தாய்க்குப் பிடிக்கவில்லை. ஏற்கெனவே பேச்சு, இதில் படம் வேறா? எனக்கும் யோசனைதான். ஆனால் ஞானஜோதி என்னைக் கேட்காமலே சரி என்றுவிட்டாள்.

ஒரு பலகை போதாது. சுவக்கீன் மூன்று பெட்டிப் பலகையை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பின்னால் சட்டம் அடித்துக் கொடுத்தான். “உம்ம மக மூணு பலகை வே. நீரு ரெண்டரைகூடத் தேறமாட்டீரு.”

1973 பிப்ரவரி 18

பேக்கிங் ரூமுக்குப் பின்னால், தேயிலைச் செடிகளை ஒட்டிய வராந்தாவில் வேலை நடக்கிறது. ஞானஜோதி நிற்கிறாள். நான் காவல். காவல் என்ன காவல், வேடிக்கைதான்.

போடும்போதே அந்த அம்மா தன் கதையைச் சொன்னார். கேட்டபடி எழுதி வைக்கிறேன்.

“நான் படம் போடுவேன்னேன். அப்பா கோவம். பொண்ணு படம் போட்டா சோறு இல்லே, போ-ன்னாரு. நான் போனேன். ஆஸ்பத்திரியில பாத்திரம் கழுவினேன். பகல்ல பாத்திரம், சாயங்காலம் படம். படப் பள்ளிக்கூடம் முடிச்சேன். அப்புறமும் பாத்திரம்.”

லண்டனில் படம் விற்கிற கடைக்காரர் ஒருவர் இருக்கிறாராம். இவர் போடுகிற மனிதர்கள் ரொம்பப் பெரிசு என்கிறாராம் அவர். அடுப்புக்கு மேல் மாட்டுகிற அளவில் ஆறு, பூ, நாய்க்குட்டி போட்டால் விற்றுத் தருகிறேன் என்கிறாராம்.

“நீங்க என்ன சொன்னீங்க?” என்று ஞானஜோதி கேட்டாள்.

“மாட்டேன்னேன்.”

“அப்போ வித்துச்சா?”

“இல்லே. ஒண்ணும் விக்கல.” சொல்லிவிட்டுச் சிரித்தார். விற்காததைச் சொல்லி இப்படிச் சிரிக்கிற வியாபாரியை நான் பார்த்ததில்லை. அப்பா போன வருடம் இறந்துபோனார், சாகும்வரை பேசவில்லையாம். அவர் விட்டுப்போன கொஞ்சப் பணத்தில்தான் கப்பலேறி வந்திருக்கிறார்.

1973 பிப்ரவரி 25

முகம் பச்சையாக இருக்கிறது! கழுத்தில் ஆரஞ்சு வேறு. கேட்டால், தேயிலைக்குள் நிற்கிறவள் மேல் வெயில் பச்சையாகத்தான் பட்டுத் திரும்பும், போய்ப் பார் என்கிறார். போய்ப் பார்த்தேன். இருபது வருடமாக எனக்குத் தெரியவில்லை. சின்னத்தாய் முகமும் பச்சையாகத்தான் இருக்கிறது. அவளிடம் சொல்லவில்லை, அடி விழும்.

ஃபாக்டரியில் பறக்கிற தேயிலைப் பஞ்சு ஈரச் சாயத்தில் ஒட்டிக்கொள்கிறது. துடைக்கப் போனேன். கையில் ஒரு அடி. “தொடாதே. அதுவும் படம்.”

1973 மார்ச் 4

மேனேஜர் வந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“மிஸ் மெர்டன், மலை எங்கே?”

“மலை வெளியே இருக்கு. போய்ப் பாரு.”

இங்கிலீஷில் கேட்டதற்கு வேண்டுமென்றேதான் தமிழில் சொன்னார். கொழுந்து கொண்டுவந்து போட்ட பெண்கள் எல்லாருக்கும் கேட்டது. மேனேஜர் காது சிவந்துவிட்டது. கம்பெனி கேட்ட படம் இது இல்லை, மாதக் கடைசியில் பங்களாவைக் காலி செய்யவேண்டும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“பலகை யார் கொடுத்தது?”

டீமேக்கர் கூரையைப் பார்த்தார். நான்தான் சார் என்றேன். “அடுப்புக்குப் போற பலகை சார். அடுப்பு ஒண்ணும் கோவிச்சுக்கல.”

எங்கிருந்து வந்தது அந்தத் துணிச்சல்? இனிமேல் இப்படிச் செய்யமாட்டேன் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். ‘இனிமேல்’ என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் எழுதினேன். செய்யமாட்டேன் என்பது மட்டும் அதில் எங்கும் வராது. இன்னும் வாசித்து முடிக்கவில்லை போலிருக்கிறது.

1973 மார்ச் 11

படம் முடிந்தது. ஞானஜோதி அதன் முன்னால் நின்றாள். இரண்டு பேரும் ஒரே உயரம். பிறகு என்னிடம்:

“போடிக்குக் குடுத்த போட்டோவைத் திருப்பி வாங்கிட்டு வாங்க. சம்பந்தம் இல்லேன்னா போட்டோ அவுககிட்ட எதுக்கு?”

“வாங்கலாம், வாங்கலாம்.”

“போகும்போது இதைக் கொண்டுபோய்க் காட்டுங்க.”

“காட்டவா? இதையா? எதுக்கு?”

“வேண்டாம்னு சொல்றவுக என்னைப் பாத்து வேண்டாம்னு சொல்லட்டும். முக்காலியில உக்காந்தவளைப் பாத்துச் சொல்ல வேண்டாம், அவ யாரோ.”

சின்னத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். நான் கயிறு தேடப் போனேன். முக்காலி என் யோசனை.

1973 மார்ச் 18

சுவக்கீனின் மைத்துனன் ஜீப். சாயம் முழுக்கக் காயவில்லை, அதனால் படத்தின் மேல் படாமல் குச்சி வைத்துக் கம்பளி சுற்றி, ஜீப்பின் மேலே மல்லாக்கக் கட்டினோம். ரூத் அம்மா எல்லா முடிச்சையும் இழுத்துப் பார்த்து, “விழுந்தா அடிப்பேன்” என்று வழியனுப்பினார்.

போடிமெட்டு செக்போஸ்டில் நிறுத்தினார்கள். அங்கே இருந்த போலீஸ் சார் மேலே பார்த்தார், தொப்பியைக் கழற்றினார். “சவமாணோ?” பிணமா என்று மலையாளத்தில் கேட்கிறார்.

ஆறடி நீளம், கம்பளி சுற்று. அவரைச் சொல்லி என்ன?

“இல்ல சார், கல்யாணப் பொண்ணு” என்றான் சுவக்கீன். இறக்கச் சொல்லிவிட்டார்கள். அவிழ்த்துக் காட்டினோம். ஏலக்காய் கடத்துகிறோமா என்று பின்பக்கம் தட்டிப் பார்த்தார்கள். ரோட்டோரம் நின்ற பஸ் ஜனம் முழுக்க என் மகளைப் பார்த்தது. ஒருத்தர் கும்பிட்டார்.

சோலை வீட்டுத் திண்ணைச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

“மொகம் பச்சையா இருக்கே, சொகமில்லையா?” என்றார் சோலை.

“தேயிலைக்குள்ள நிக்கிறவ மேல வெயில் பச்சையாத்தான் பட்டுத் திரும்பும்” என்றேன், பிறந்ததிலிருந்தே தெரிந்தவன் மாதிரி.

வேலுத்தாய் பின்னால் போய்ப் பார்த்தாள். பலகையில் என் எழுத்து. அந்த நேரம் வீரபாண்டி கடையிலிருந்து வந்தார். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினார்: “நெட் நாப்பத்தஞ்சு கிலோ.”

“ஆத்தீ, எடையெல்லாமா எழுதிக் குடுப்பாக?”

“அது தேயிலையோட எடைங்க. மக அம்பத்தெட்டு.” ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத்தான் அதற்கு மேல் சிரிப்பு வரவில்லை. வாய் தானாகப் பேசியது. “போட்டோவில உக்கார வச்சது நான்தான். உங்களை ஏமாத்தப் பாத்தேன். அதைக் குடுத்துருங்க. இதுதான் என் மக, இம்புட்டு உயரம், ஒரு அங்குலம் குறைக்க முடியாது. வேண்டாம்னா வேண்டாம்னு இவளைப் பாத்துச் சொல்லுங்க, போயிர்றேன்.”

சோலை தரையைப் பார்த்தார். “எங்க பையன் அஞ்சடி மூணுங்க.”

“நான் அஞ்சடி நாலு. என்னை யாராவது நிக்க வச்சுப் பாத்தாகளா?”

வேலுத்தாய் உள்ளே போய் போட்டோவைக் கொண்டுவந்து கொடுத்தாள். வீரபாண்டி அதைப் பார்க்கவில்லை. படத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்; தோளுக்கு வந்தார். ஜீப்பில் ஏற்றும்போது அவரும் ஒரு முனை பிடித்தார். ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: “கயிறு மொகத்துல படாமக் கட்டுங்க.”

1973 ஏப்ரல் 1

ரூத் அம்மா போய்விட்டார். படத்தையும் கொண்டுபோனார், ஞானஜோதிதான் “லண்டன்ல போய் நிக்கட்டும்” என்றாள். சட்டத்தைக் கழற்றி மூன்று பலகையாக்கி, சுவக்கீன் ஒரு புதுப் பெட்டி செய்து அடைத்தான்.

அதன் மேல் மார்க் வேண்டுமே. பத்தொன்பது வருடமாக எஸ்டேட் பேரைத் தவிர வேறு பேரை நான் அடித்ததில்லை. இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்று கம்பவுண்டர் சகாயத்திடம் கேட்டு, புதுத் தகடு வெட்டினேன். ஞானஜோதி. கம்பெனி தகடு, கம்பெனி மை. டீமேக்கர் வந்து எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“இது எந்த எஸ்டேட்?”

“என் எஸ்டேட்” என்றேன்.

அந்த அம்மா விலாசம் எழுதிக் கொடுத்தார். கோழி கிளறினது மாதிரி இருந்தது. எனக்கு இங்கிலீஷில் தகட்டு எழுத்து, அதாவது பெரிய எழுத்து மட்டும்தான் படிக்க வரும் என்று சொன்னேன். “சரி. நான் பெட்டி மாதிரி எழுதுவேன்” என்றார்.

லண்டனில் யாராவது இதை வாங்குவார்களா என்று கேட்டேன். “மாட்டாங்க. பெருசு.” கொஞ்சம் யோசித்து, “இன்னும் பெருசாப் போடுவேன்” என்றார்.

1973 ஜூன் 10

பேய்மழை. சாயங்காலம் குடையும் இல்லாமல் ஒரு ஆள் வாசலில் நிற்கிறார். வீரபாண்டி!

“படத்துல இருந்தவங்க இருக்காங்களா?”

நான் பதில் தேடுவதற்குள் ஞானஜோதி நிலைக்குக் கீழே தலையை நீட்டினாள். “இருக்காக. ஏணி கொண்டாந்தீகளா?”

அவர் கொஞ்சமும் அசரவில்லை. “எங்க வீட்ல மேத்தட்டு யாருக்கும் எட்டாதுங்க. ஏணி வேணும்னுதான் நானே வந்தேன்.”

சிரித்தாள். வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. சின்னத்தாய் அடுப்பில் உலை வைக்கப் போய்விட்டாள்.

1974 பிப்ரவரி 10

போடியில் கல்யாணம் முடிந்தது. மாலை மாற்றும்போது பந்தலில் இருந்த சனம் முழுக்க ஒரே குரலில், “குனிம்மா, குனி!” பழக்கதோஷம், நானும் சேர்ந்து கத்தினேன். அவளும் முதுகை வளைக்கப் போனாள். மாப்பிள்ளை “வேண்டாம்” என்று சொல்லிவிட்டு, இரண்டு மணைப்பலகையை ஒன்றன்மேல் ஒன்று போட்டு ஏறி நின்று மாலையைப் போட்டார். பலகை ஆடியது. அவள் கை கொடுத்துப் பிடித்துக்கொண்டாள்.

சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

நான் ஏன் கத்தினேன்?

1974 நவம்பர் 3

லண்டன் கடிதம். முழுக்க முழுக்கப் பெரிய எழுத்து, பெட்டி மார்க் மாதிரியே. நான் எழுத்துக் கூட்ட, சகாயம் அர்த்தம் சொன்னான்.

படக்கடைக்காரர் ஞானஜோதியை மாடிப்படிக்குக் கீழே மாட்டச் சொன்னாராம். அந்த அம்மா படத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். கப்பல் துறையில் காலியாகக் கிடக்கிற ஒரு கிடங்கு; முன்னே தேயிலை அடுக்கிய இடமாம். அங்கே சங்கிலியில் நடுவே தொங்கவிட்டு, தானே ஒரு காட்சி நடத்தியிருக்கிறார். சுற்றிவந்து பார்க்கலாம். முன்னால் என் மகள், பின்னால் என் எழுத்து. ‘ஞானஜோதி நிற்கிறாள்’ என்று படத்துக்குப் பேர்.

ஒரு பேப்பரில் பாராட்டு. இன்னொன்றில், இந்தப் பெண்ணின் படம் முன்னால் நிற்கிற நம்மைச் சின்னதாக்குகிறது என்று திட்டு. அந்தத் திட்டை மட்டும் வெட்டி அனுப்பியிருக்கிறார்.

ஒன்றும் விற்கவில்லை. இன்னும் ஆஸ்பத்திரியில்தான் வேலை.

1975 ஆகஸ்ட் 24

மறுபடி கடிதம். வடக்கே ஏதோ ஊர்க் காட்சிசாலை படத்தை வாங்கிக்கொண்டதாம். பின்பக்கம் அழுக்காக இருக்கிறது, தாள் ஒட்டி மறைக்கலாமா என்று கேட்டார்களாம். மறைத்தால் படத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று சொன்னாராம். மறைக்கவில்லை. ஆஸ்பத்திரியை விட்டுவிட்டார். இப்போது ஒன்பது பலகையில் ஒரு படம்.

லயத்தில் யாருக்கும் நான் சொல்லவில்லை. சுவக்கீனிடம் மட்டும் சொன்னேன். ஆகவே எல்லாருக்கும் தெரியும்.

1975 செப்டம்பர் 21

ஞானஜோதிக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு இங்கேதான் வருகிறாள். சின்னத்தாய் கட்டில் எங்கே போடுவது என்று பேசிக்கொண்டிருந்தாள். நான் நிலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வயிற்றைத் தூக்கிக்கொண்டு நாளைக்கு எத்தனை தடவை இதற்குள் குனிந்து குனிந்து வருவாள்?

அந்த அம்மா படத்தைக்கூட மாடிப்படிக்குக் கீழே மாட்ட விடவில்லை. நான் பெற்றவன்.

சுவக்கீனைக் கூப்பிட்டேன். நிலையை எடுத்து, மேலே கல்லைத் தட்டி, ஒரு அடி ஏற்றி, பெட்டிச் சட்டம் வைத்து இறுக்கினான். பொழுது சாய்வதற்குள் முடிந்தது.

1975 செப்டம்பர் 24

மேனேஜர் கூப்பிட்டுவிட்டார்.

“கம்பெனி கட்டிடத்தில் கை வைக்க யார் அனுமதி கொடுத்தது? எமர்ஜென்சி நடக்கிறது தெரியுமா?”

“என் மகளுக்கும் எமர்ஜென்சிதான் சார். ஏழு மாசம்.”

மெமோ கொடுத்தார். பழையபடி மூடவேண்டும், இல்லாவிட்டால் வேலையிலிருந்து நிறுத்தம். ‘மூடுவதற்கில்லை’ என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தேன். இந்தத் தடவை வாசிக்க நேரமாகாது.

 

1975 செப்டம்பர் 28

பக்கத்து வீட்டு சாந்தம்மாள் வந்து, தன் வீட்டு நிலையையும் ஏற்றித் தரமுடியுமா என்றாள். அவர்கள் வீட்டில் எல்லாரும் என்னைவிடக் குள்ளம். எதுக்கு என்றேன். “தலையில வெறகுச் சுமையோட நேரா உள்ள போலாம்ல? எத்தனை வருசம் வாசல்ல எறக்கி எறக்கி இழுத்திருக்கேன்.”

சுவக்கீனுக்கு இன்று மட்டும் நாலு வீடு. மேனேஜர் இப்போது லயம் முழுவதற்கும் மெமோ அடிக்கவேண்டும். தகடு வேண்டுமானால் நான் வெட்டித் தருகிறேன்.

1975 அக்டோபர் 5

என் மெமோவுக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. வரட்டும்.

மத்தியானம் ஜீப் வந்தது. மாப்பிள்ளை டிரங்குப் பெட்டியைத் தூக்கி வந்தார். பின்னால் ஞானஜோதி, ஒரு கை இடுப்பில். முகம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. இங்கே இருந்தால் பச்சையாகிவிடும்.

நான் வாசலில் நின்றிருந்தேன். படியேறினாள். ஏறினதும் பழக்கத்தில் ஒரு கையை மேலே உயர்த்தி நிலையைத் தேடினாள். அது அங்கே இல்லை. கை அந்தரத்தில் நின்றது. அண்ணாந்து பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

பல வருடப் பழக்கம், அந்தச் சொல் என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

சொல்லவில்லை. நடந்தபடியே உள்ளே போனாள்.